இரண்டே பந்தயம் ஆடியவர்

பெரிய ஆட்டக்காரர்தான் பெரிய ஆசானாக முடியும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கார்வின் ஜேம்ஸின் கதை அதற்கு நேர்மாறானது. வேல்ஸ் நாட்டுக்காக அவர் ஆடிய ரக்பிப் பந்தயங்கள் இரண்டே இரண்டு, இரண்டும் 1958-ல். அவருக்கு உரிய இடத்தில் கிளிஃப் மார்கன் என்ற அசகாய சூரர் அந்த நாளில் அசைக்க முடியாமல் நின்றார். காத்திருந்ததிலேயே ஜேம்ஸின் ஆட்ட வயது கழிந்துவிட்டது.

1929-ல், கெவனெய்த்தின் என்ற சிற்றூரில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். தாய்மொழி வெல்ஷ். பிற்பாடு கல்லூரியில் கற்பித்ததும் அந்த மொழியைத்தான். பந்தாட்டத்துக்குப் பயிற்சி கொடுத்தபோதும் அவர் வாத்தியாராகவே இருந்தார். ஆனால் பிரம்பு பிடிக்காத வாத்தியார். ஆட்டக்காரர்களுக்குக் கட்டளை இடுவதைவிட, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதே அவருக்கு வழக்கம்.

ரக்பியில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. பந்தைக் கையால் முன்புறம் எறியக் கூடாது. பின்னால் வரும் தோழனுக்குத்தான் கொடுக்கலாம். பின்னுக்குக் கொடுத்துக்கொண்டே முன்னேற வேண்டும். பலம் மட்டும் இருந்தால் போதாது, யோசனையும் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு விதி போதாதா?

1971-ல் அந்த யோசனைக்குச் சோதனை வந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் சேர்ந்த லயன்ஸ் கோஷ்டி நியூஜிலாந்துக்குப் புறப்பட்டது. பயிற்சியாளர் ஜேம்ஸ். அதுவரை எந்த லயன்ஸ் கோஷ்டியும் அந்த மண்ணில் தொடரை வென்றதில்லை. முதல் டெஸ்டில் பாரி ஜான் - அவரும் கெவனெய்த்தின்காரர்தான் - பந்தை ஒருமுறை இந்தப் பக்கம், மறுமுறை அந்தப் பக்கம் என்று உதைத்து, எதிரணியின் கடைசிக் காவலர் மெக்கார்மிக்கை அலையவிட்டார். மெக்கார்மிக்குக்கு அதுவே கடைசி டெஸ்டாக முடிந்தது. நான்கு டெஸ்டுகளில் லயன்ஸ் இரண்டை வென்றது, ஒன்றில் தோற்றது, கடைசிப் பந்தயம் 14-14 என்று சமமாக முடிந்தது. நியூஜிலாந்தில் லயன்ஸ் வென்ற ஒரே தொடர் இன்றும் அதுதான்.

மறு வருஷம் நியூஜிலாந்து அணி வேல்ஸுக்கு வந்தது. 1972 அக்டோபர் 31-ல் ஜேம்ஸ் பயிற்றுவித்த லானெல்லி நகரத்துச் சாதாரண கிளப் ஒன்று அதை 9-3 என்று தோற்கடித்தது. அன்றிரவு ஊரிலுள்ள மதுக்கடைகளில் சரக்கே தீர்ந்துபோயிற்று என்று இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

பிரிட்டிஷ் சர்க்கார் ஓ.பி.இ. பட்டம் கொடுக்க முன்வந்தது, ஜேம்ஸ் வேண்டாமென்றார். 1970 தேர்தலில் வேல்ஸ் தேசியக் கட்சிக்காக நின்று தோற்றவர் வேறென்ன சொல்வார்?

இத்தனைக்குப் பிறகு வேல்ஸ் அணியின் பயிற்சியாளர் பதவி அவரைத் தேடி வந்திருக்க வேண்டும். 1974-ல் பதவி காலியாயிற்று. ஆனால் அங்கே அணியைப் பொறுக்குவது ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. பயிற்சியாளரே குழுவுக்குத் தலைவராக இருக்க வேண்டும், கூட இருப்பவர்களைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் அவருக்கு வேண்டும் என்று ஜேம்ஸ் சங்கத்துக்கு எழுதினார். பழி மட்டும் ஒருவருக்கு, அதிகாரம் ஐவருக்கு என்றால் நியாயமா? சங்கம் இசையாது என்று தெரிந்ததும் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

இதில் சங்கம் நஷ்டப்பட்டது என்றும் சொல்வதற்கில்லை. பதவிக்கு வந்தவர் ஜான் டாஸ். 1971-ல் ஜேம்ஸின் கீழ் லயன்ஸுக்குத் தலைவராக இருந்தவர். 1976-லும் 1978-லும் வேல்ஸ் ஐந்து நாட்டுப் போட்டியில் எல்லாப் பந்தயங்களையும் வென்றது. குருவை மறுத்தவர்கள் சிஷ்யனைக் கொண்டு புகழ் சம்பாதித்தார்கள்!

ஜேம்ஸ் 1977-ல் இத்தாலிக்குப் போனார். ரோவிகோ என்ற ஊரின் அணியை 1979-ல் தேசிய சாம்பியனாக்கினார். 1983 ஜனவரியில், ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஹோட்டல் அறை ஒன்றில், தனிமையில் உயிர் நீத்தார். வயது 53.

கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் பதவி கிடைத்திருக்கும் என்று கெட்டிக்காரர்கள் சொல்லலாம். சொல்லட்டும். இன்று பெரிய ரக்பி நாடுகளில் அணியைத் தேர்ந்தெடுப்பவர் தலைமைப் பயிற்சியாளர்தான். யாரும் அதை அதிகப்பிரசங்கித்தனம் என்பதில்லை. அந்த உரிமையைக் கேட்டதற்கு ஒரு மனிதர் கொடுத்த விலை, தம் சொந்த நாட்டின் அணி.