ஒரு சிறு துளையின் வரலாறு

"காலையில எழுந்தா ஒரே புகை மூட்டமா இருக்குடா, மத்தியானம் கொஞ்சம் தெளியறது" என்று அத்தை சொன்னபோது, தில்லிப் பனி என்று சிரித்துவிட்டேன். கார்னியா என்னும் கருவிழிப் படலம் நீர் கோத்து வீங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் அதே கண்ணில் லேசர் துளை போட்டிருந்தார்கள். "அதனாலயா?" என்று அத்தை கேட்டார். விடை தேடியபோது கிடைத்ததே இந்த வரலாறு.

கண்ணுக்குள் சுரக்கும் நீர், ஐரிஸ் என்னும் வண்ணத் திரையும் கார்னியாவும் சேரும் கோணத்தின் வழியே வடிகிறது. சிலருக்கு அந்தக் கோணம் குறுகலானது. சட்டென்று அடைபட்டால் கடும் வலி. கவனிக்காவிட்டால் பார்வையே போகும். 1857-இல் பெர்லின் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே, ஐரிஸில் ஒரு துண்டை வெட்டியெடுத்தால் அழுத்தம் தணிவதைக் காட்டினார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் கத்திதான் வழி. 1970-களில் ஆர்கான் லேசர் வந்தது. கண்ணைக் கீறாமலே துளை; அன்றே வீடு திரும்பலாம். யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் கார்னியாவின் உட்புறம் ஒற்றை அடுக்காக உயிரணுக்கள் உள்ளன. பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500. படலத்தில் ஊறும் நீரை, ஏற்றம் இறைப்பவர்கள் மாதிரி இரவு பகலாக வெளியேற்றுபவை இவைதான். செத்தால் மறுபடி முளைப்பதில்லை. 500-க்குக் கீழே போனால் படலம் மங்கத் தொடங்கலாம். ஆர்கான் லேசர் சூட்டினால் வேலை செய்வது. நம்மைப் போன்றவர்களின் கருமையான, தடித்த ஐரிஸுக்கு அது நிறையத் தேவைப்பட்டது. 1980-களில் முதல் எச்சரிக்கைகள் வந்தன. 2007-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், இப்படி வீங்கிய கண்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு லேசர் துளையே காரணமாகக் குறிக்கப்பட்டது. குறைந்த ஆற்றலே போதுமான யாக் லேசர் வந்தபின் ஆபத்து குறைந்தது, ஒழியவில்லை.

துளை எல்லோருக்கும் தேவையா? சீனாவின் குவாங்சோ நகரில், கோணம் குறுகிய, ஆனால் நோய் வராத 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் போட்டு 6 ஆண்டுகள் கவனித்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது: போட்ட கண்களில் 19-இலும், போடாதவற்றில் 36-இலும் மட்டுமே கோணம் அடைபடும் கோளாறு தென்பட்டது. லேசர் காக்கிறது, ஆனால் பெரும்பாலான கண்களுக்கு அது இல்லாமலே ஒன்றும் ஆகவில்லை.

வலியோடு கோணம் அடைபட்டால் தயங்கவே கூடாது. முன்னெச்சரிக்கைக்கு என்றால், "எனக்கு அவசியமா? என் உயிரணு எண்ணிக்கை எவ்வளவு?" என்று கேளுங்கள். ஊர் மாற்றலில் பித்தளை அண்டாவைக்கூடப் பத்திரமாகக் கட்டும் நாம், கண் சீட்டைத் தொலைத்துவிடுகிறோம். லேசருக்கு முன் அத்தையின் கண் எப்படி இருந்தது என்று சொல்ல எங்களிடம் ஒரு தாளும் இல்லை. அதனால் "இருக்கலாம் அத்தை" என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது யாரோ தானம் செய்த கண்ணின் உள்ளடுக்கை அத்தைக்குப் பொருத்தியிருக்கிறார்கள். காலையிலேயே பேப்பர் படிக்கிறார். அந்தச் சீட்டு மட்டும் பீரோவில் இருக்கிறது.