பாடபேதமும் கிட்டும்



வகுப்பில் பாடபேதம் பற்றிச் சொன்னது நினைவிருக்கும். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதினார்கள். ஊருக்கு ஊர் ஒரு பிரதி. ஒன்று கரையானுக்குப் போனாலும் இன்னொன்று மிஞ்சியது. ஆனால் ஒரு சொல்லை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற குறிப்பு கிடையாது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. பட்ட பாட்டில் பெரும்பங்கு இதனால்தான்.

மென்பொருள் எழுதுபவர்களுக்கும் இதே தொல்லை. மீஞ்சூரிலிருந்து மின்சார ரயில் பிடித்துக் கணினி வேலைக்குப் போகும் பிள்ளைகள் 'கிட்', 'கிட்' என்கிறார்களே, அது இதற்குக் கிடைத்த மருந்து.

லினக்ஸ் குழுவினர் 2002 முதல் தங்கள் நிரலை பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளில் வைத்திருந்தார்கள். இலவசம்தான், ஆனால் நிபந்தனையோடு. அது எப்படிப் பேசுகிறது என்று ஒருவர் ஆராயப்போக, 2005-இல் நிறுவனம் இலவச உரிமையை நிறுத்திவிட்டது. இரவல் வீட்டுக் குடித்தனம் அப்படித்தான். லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3 அன்று தானே எழுத உட்கார்ந்தார். 7-ஆம் தேதி கிட்டின் நிரல் கிட்டிலேயே சேமிக்கப்பட்டது! ஜூனில் லினக்ஸ் 2.6.12 அதைக் கொண்டே வெளிவந்தது. இதில் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். ஒவ்வொரு திருத்தத்தோடும் திருத்தியவர் பெயரும் நாளும் குறிப்பும் இருக்கும்.

ஒரு நூலுக்குச் சரி. ஒன்றையொன்று சார்ந்த பத்து நூல்கள் என்றால்? கூகுள் தன் சொந்த நிரலில் பெரும்பகுதியை ஒரே களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. அதே கூகுள் 2008-இல் ஆண்ட்ராய்டை வெளியிட்டபோது பல கிட் களஞ்சியங்களாகப் பிரித்து, அவற்றைச் சேர்த்து மேய்க்க 'ரெப்போ' என்ற கருவியையும் தந்தது. கிட்டிலேயே 2007-இல் 'சப்மாட்யூல்' வந்திருந்தது. ஒரு திட்டத்துக்குள் இன்னொன்றை வைத்து, அதன் எந்த நாளைய வடிவம் நமக்கு வேண்டும் என்று குறித்துக்கொள்ளும் ஏற்பாடு. பதிப்பாசிரியர் 'இந்தப் பிரதியைக் கொண்டேன்' என்று முன்னுரையில் எழுதுவாரே, அதுபோல.

நம் தமிழிலேயே ஓர் உதாரணம் உண்டு. முத்து அண்ணாமலை 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கி, 2009-இல் அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதற்குத் தமிழ் எழுத்துகளைப் பிரித்தறியும் பகுதி தேவைப்பட்டது. 'மீஞ்சூர்' நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கோ எட்டு. உயிர்க்குறியையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணும். இந்தப் பகுதி எழிலுக்கு மட்டுமா வேண்டும்? பிழைதிருத்திக்கும் வேண்டும், அகராதிக்கும் வேண்டும். அது 'ஓப்பன் தமிழ்' என்று தனித் திட்டமாயிற்று. பிரித்தது சரி என்றே நினைக்கிறேன். உள்ளேயே கிடந்திருந்தால் ஆளுக்கொரு நகல் எடுத்து, ஆளுக்கொரு விதமாகத் திருத்தி, மறுபடி பாடபேதத்தில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். சிரமமும் இல்லாமல் இல்லை. அங்கே ஒன்றை மாற்றினால் இங்கே எழில் ஓடுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

வீட்டில் பைத்தான் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் ஓப்பன் தமிழை இறக்கி, நம் ஊர்ப் பெயரைக் கொடுத்து எழுத்தெண்ணச் சொல்லுங்கள். நான்கு வர வேண்டும்.