பிரிவி கவுன்சிலில் அமீர் அலி

"பிரிவி கவுன்சில் வரை போய்ப் பார்த்துவிடுகிறேன்" என்று சூளுரைப்பது நம் பாட்டனார் காலத்து வழக்காளிகளின் இயல்பு. கோயம்புத்தூரில் தொடங்கிய சொத்து வழக்கு, சென்னை உயர்நீதிமன்றத்தில் தீர்ந்த பின்னரும் தோற்றவர் மனம் ஆறவில்லையெனில், இலண்டனுக்கே மேல்முறையீடு செல்லலாம். ஆனால் வழக்கின் மதிப்பு 10,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்பது பொதுவிதி. ஆவணங்கள் யாவும் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பெற்று அச்சாகிக் கப்பலேற வேண்டும். நொய்யலையும் அமராவதியையும் கண்ணாற் காணாதவர்கள் அவற்றின் கரை நிலங்களுக்குத் தீர்ப்பு வழங்குவார்கள்.

அந்த மன்றத்திற்குப் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு என்று பெயர். 1833ஆம் ஆண்டுச் சட்டம் அதனை அமைத்தது. கீழைநாடுகளிலும் பிற குடியேற்ற நாடுகளிலும் நீதிபதியாக இருந்தோர் இருவருக்கு அச்சட்டம் இடமளித்ததேனும், அவ்விடங்களில் அமர்ந்தவர்கள் தாயகம் திரும்பிய பிரிட்டிஷாரே. அவர்களுள் ஒருவரான சர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனை நாம் மறத்தலாகாது. இலங்கை முஸ்லிம்களின் மணம், வாரிசு பற்றிய வழக்கங்கள் 1806இல் தொகுக்கப்பெற்றது அவருடைய முயற்சியால்தான். எனினும் நம்மை அறிந்தவர் என்பது வேறு. நம்மவர் என்பது வேறு.

இந்த வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதை 1894ஆம் ஆண்டின் தீர்ப்பொன்று காட்டியது. வங்காளத்துச் சகோதரர் இருவர் தம் சொத்தைச் சந்ததியாருக்கென வக்ஃபு செய்து, வம்சம் அற்றுப்போகும் நாளில் அது விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் சேரவேண்டுமென எழுதிவைத்தனர். இதுவே 'வக்ஃபு அலல் அவ்லாது'. ஏழைகளுக்குரிய பங்கு மிகத் தொலைவில் நிற்பதால் இது தருமமே அன்று எனக் கூறி, ஹாப்ஹவுஸ் பிரபு அதனைச் செல்லாததாக்கினார்.

தன் குடும்பத்தாருக்குச் செலவிடுவதும் சதக்காவே என்னும் நபிமொழி நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிந்தது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கைபரில் பெற்ற நிலத்தை வக்ஃபு செய்தபோது, பயன்பெறுவோருள் உறவினரும் இருந்தனர். தன் ஆயுள்வரை வருவாயைத் தனக்கே வைத்துக்கொண்டு வக்ஃபு செய்வதையும் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் ஏற்றார்கள். இவையெல்லாம் இலண்டனில் எவ்வாறு விளங்கும்? அங்கே கையாளப்பெற்ற ஹிதாயாவோ, 1791இல் ஹாமில்டன் வெளியிட்ட ஆங்கில நூல். அதுவும் அரபு மூலத்தினின்று நேராக வந்ததன்று. பாரசீக மொழிபெயர்ப்பின் வழியே வந்தது. நிழலின் நிழலைக் கண்டு ஆளை அடையாளம் சொல்வது போன்றது இது.

நம் பகுதியை எண்ணிப் பார்த்தால் இந்த வக்ஃபின் அருமை புலப்படும். கவலை பூட்டி இறைக்கும் ஒற்றைக் கிணற்றை நம்பிய தோட்டத்தை மூன்று தலைமுறை வாரிசுகள் பங்கிட்டால், நிலம் துண்டாகும். கிணற்றைத் துண்டாக்க இயலுமோ? சொத்தைச் சிதறாமல் காத்து, வருவாயை மட்டும் பகிர்ந்துகொள்ள ஷரீஅத் காட்டிய வழி, அத்தீர்ப்பினால் அடைபட்டது.

இதே சிக்கலில் அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே ஒருவர் எதிர்த்து எழுதியிருந்தார். அவர்தாம் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி சையிது அமீர் அலி அவர்கள். உடனமர்ந்த நீதிபதிகள் ஒருபுறம் நிற்க, அரபு நூல்களின் ஆதாரங்களை அடுக்கி, இத்தகைய வக்ஃபு செல்லும் என்று நீண்ட மாறுபட்ட தீர்ப்பை அவர் எழுதினார். அதைக் கண்ட பின்னரே ஹாப்ஹவுஸ் பிரபு அதற்கு மாறாகத் தீர்த்தார்.

1904இல் ஓய்வுபெற்று இங்கிலாந்தில் குடியேறிய அமீர் அலி அவர்கள், 1909இல் அதே நீதிக்குழுவில் உறுப்பினரானார். அங்கே அமர்ந்த முதல் இந்தியர் அவரே. இதனால் 1894இன் தீர்ப்பு மாறியதா? இல்லை. அதனை மாற்றியது சட்டமன்றம். முகம்மது அலி ஜின்னா கொண்டுவந்த 1913ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டம். அச்சட்டமும் முற்காலத்து வக்ஃபுகளுக்குப் பொருந்தாதென 1922இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. பிறகு அவற்றையும் காக்க 1930இல் மற்றொரு சட்டம் வேண்டியதாயிற்று.

அவ்வாறாயின் அவர் அங்கே அமர்ந்தது வீணா என்றால், அப்படிச் சொல்வதற்கில்லை. 1921இல் நம் சென்னை மாகாணத்து இந்து மடம் ஒன்றின் வழக்கு இலண்டன் சென்றது. முந்தைய மடாதிபதி நிரந்தரக் குத்தகைக்கு விட்ட நிலம் பற்றியது அது. தீர்ப்பை எழுதியவர் அமீர் அலி அவர்கள். ஆங்கிலேயரின் 'டிரஸ்ட்' என்னும் கருத்து இந்து தருமத்திற்கும் உரியதன்று, இஸ்லாமியச் சட்டத்திற்கும் உரியதன்று. வக்ஃபுப் பொருளின் உடைமை இறைவனுக்கே, முத்தவல்லி நிருவாகி மட்டுமே. மடாதிபதியும் ஆங்கிலச் சட்டம் கூறும் டிரஸ்டி அல்லர் என அவர் விளக்கினார். மடத்தின் வழக்கில் முத்தவல்லியின் நிலையும் தெளிந்தது! இருவர் மரபையும் இங்கிலாந்தின் அளவுகோலால் அளக்காதே என்று அந்த மன்றத்தின் குரலாகவே அவர் சொன்னார். கோவையின் மடங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் அது ஒருங்கே பொருந்தியது.

1928இல் அவர் மறைந்தார். அவருக்கு முன்பே 1926இல் சின்ஹா பிரபுவும், பின்னர் பினோத் மித்தர், தின்ஷா முல்லா, ஷாதி லால், ஜெயகர் ஆகியோரும் அங்கே அமர்ந்தனர். 1941இல் நமக்கு அண்டை நாடான மலபாரின் மாதவன் நாயரும் சென்றார். இந்தப் பெயர்களில் முஸ்லிம் எவரும் இல்லை.

ஆனால் யார் அமர்ந்தாலும் அங்கே ஒரு கட்டு இருந்தது. நீதிக்குழு மன்னருக்கு ஆலோசனை கூறும் அவை. ஆகவே ஒரே குரலில்தான் பேசும். உள்ளே ஒருவர் மாறுபட்டாலும் அது வெளியே தெரியலாகாது. கல்கத்தாவில் அமீர் அலி அவர்கள் எதிர்த்து எழுதியதை நாம் இன்றும் எடுத்துப் படிக்கலாம். இலண்டனில் ஏறக்குறைய 19 ஆண்டுகள் இருந்தும், எந்த வழக்கில் அவர் உடன்படாமல் இருந்தார் என்பதைத் தீர்ப்பேடுகளில் தேடிப் பயனில்லை. உயர்ந்த நாற்காலி கிடைத்தபோது, 'நான் உடன்படவில்லை' என்று சொல்லும் உரிமை பறிபோயிற்று. மேலவர்கள் அளித்த பிரதிநிதித்துவத்தின் அளவு அவ்வளவே என்பது என் கருத்து.

மாறுபட்ட கருத்தை வெளியிடலாம் என்று அந்த மன்றம் விதியைத் தளர்த்தியது 1966இல். இந்தியாவின் மேல்முறையீடுகள் அங்கே செல்வது 1949 அக்டோபர் 10ஆம் நாளோடு நின்றுபோயிருந்தது.