நின்ற இயந்திரமும் நகரும் இயந்திரமும்: நாஞ்சில் நாட்டுப் பாசனத்தில் எண்ணெய் அழுத்தம்

நாஞ்சில் நாட்டுப் பாசனத்துக்காகத் திருவிதாங்கூர் அரசு கோதையாற்றின் குறுக்கே 1897இல் தொடங்கிய பேச்சிப்பாறை அணை, பொறியாளர் மின்சினின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது, 1906இல் நிறைவுற்றது. அதே ஆண்டில்தான் வர்ஜீனியா என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலின் பீரங்கிகளை இயக்க, நீருக்குப் பதில் எண்ணெயைப் பயன்படுத்தும் அழுத்தக் கருவி பொருத்தப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆயினும் அந்த எண்ணெய் முறை பிற்காலத்தில் இந்த ஆற்றுக்கும் இதன் குளங்களுக்கும் வந்து சேர்ந்தது.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்னும் விதியே ஹைட்ராலிக் எனப்படும் இந்த முறையின் அடிப்படை. 1795இல் ஜோசப் பிராமா இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற அழுத்தி இதைக்கொண்டே சிறு விசையைப் பெருவிசையாக்கிற்று.

1970களின் தொடக்கத்தில் கோதையாற்றில் 60, 40 மெகாவாட் திறனில் எழுந்த நீர்மின் நிலையங்கள் நின்ற இடத்து முறைக்குச் சான்று. இத்தகைய நிலையங்களில் விசையாழியின் வேகத்தைச் சீராக வைக்க, கவர்னர் எனப்படும் கருவி எண்ணெய் அழுத்தத்தால் நீர்வழியைத் திறந்து மூடுகிறது. இடமும் எடையும் தடையில்லையாதலால் எண்ணெய்த் தொட்டி பெரிதாக இருக்கலாம். எண்ணெய் அதில் தங்கி ஆறும், காற்றுக் குமிழிகள் விலகும், பம்ப்பை மின்மோட்டார் மாறா வேகத்தில் சுழற்றும். மின்சாரம் நின்றாலும், அழுத்தக் கலத்தில் சேமித்த அழுத்தமே நீர்வழியை மூடிவிடும்.

நகரும் இயந்திரத்துக்கு இந்த வசதி இல்லை. 1953இல் இங்கிலாந்தில் தன் முதல் பேக்ஹோ லோடர் என்னும் மண்வாரியைச் செய்த ஜேசிபி நிறுவனம் 1979இல் இந்தியாவில் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று எந்த நிறுவனத்தின் மண்வாரியும் மக்கள் வாயில் ஜேசிபிதான். அதன் பம்ப் டீசல் இன்ஜினோடு வேகம் மாறிச் சுழல்கிறது. தன் எடையையே சுமக்க வேண்டியதால் தொட்டி சிறுத்து, அதே எண்ணெய் விரைவில் சுற்றிவந்து சூடாகிறது. அதனால் விசிறி வைத்த குளிர்ப்பான் வேண்டும். சுமார் 250 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 250 மடங்கு அழுத்தத்தில், எண்ணெய் ரப்பர் ஹோஸ்களுக்குள் ஓடுகையில் வெளியே தூசியும் சேறும் சூழ்கின்றன.

மண்வெட்டியும் கடவமுமாக ஊரார் கூடிச் செய்த குடிமராமத்துப் பணியில் இந்த இயந்திரம் இறங்கியபின் வேலை விரைந்தது உண்மை. 2017இல் அரசு அப்பெயரிலேயே மீண்டும் திட்டம் தொடங்கியபோது தூர்வாரும் பணி பெரிதும் இயந்திரத்தின் கைக்குப் போயிருந்தது. எனினும் கரையோரம் ஆழத் தோண்டினால் கரை பலவீனப்படும் என்பதை வாளியின் வலிமை அறியாது. கன்னிப்பூ என்னும் முதற்போக நெல் சாகுபடிக்காக ஜூன் தொடக்கத்தில் அணை திறப்பது வழக்கமாதலால், குளம் வற்றிய கோடையிலேயே இயந்திரம் வேலையை முடித்துக் கரையேற வேண்டும். அந்நாட்களில் ஒரு ஹோஸ் வெடித்தாலும் பணி நிற்கும்.