எலி விழுந்த வீடும் மேட்டு நிலமும்

குமாரபாளையத்தில் காவிரி தெற்கு நோக்கி ஓடுகிறது. கிழக்குக் கரையில் குமாரபாளையம். பாலத்தைக் கடந்தால் பவானி. இன்று இவ்விரு கரைகளும் நாமக்கல், ஈரோடு மாவட்டங்களைச் சேர்ந்தவை. ஆங்கிலேயர் காலத்தில் ஆறே ஜில்லா எல்லையாக இருந்தது. இக்கரை சேலம், அக்கரை கோயம்புத்தூர். அன்றைய சேலம் ஜில்லா மிகப் பெரியது. வடக்கே மைசூர் சமஸ்தானத்தை ஒட்டிய ஒசூரும், இரயில் பாதைகள் கூடும் ஜோலார்பேட்டையும் அதற்குள் அடங்கியிருந்தன. இந்த எல்லைகளை நினைவில் வைத்துக்கொண்டால்தான், நெசவுக்குப் பெயர் பெற்ற இப்பகுதிக்கு பிளேக் எவ்வழியாக வந்தது என்பது விளங்கும்.

1896இல் பம்பாய்த் துறைமுகத்தில் தோன்றிய நோய் ஹூப்ளி வழியாக 1898 ஆகஸ்டில் பெங்களூரை அடைந்தது. பெங்களூர் இரயில் பாதை ஜோலார்பேட்டையில் சென்னைப் பாதையோடு சேர்கிறது. அங்கிருந்து ஒரு கிளை சேலம், ஈரோடு வழியாக மேற்குக் கடற்கரைக்குச் செல்கிறது. சென்னை அரசாங்கம் இரயில் நிலையங்களில் பயணிகளை நிறுத்திப் பரிசோதித்தது. நோயுள்ள ஊரிலிருந்து வந்தவருக்கு 'பிளேக் பாஸ்போர்ட்' என்றொரு சீட்டு வழங்கப்பட்டது. அதை வைத்திருப்பவர் தாம் போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள்கள் அதிகாரி முன் ஆஜராகித் தம் உடல்நிலையைக் காட்டியாக வேண்டும். மனிதரை இவ்வாறு கண்காணித்தும் நோய் நுழைந்தது. சேலமும் கோயம்புத்தூரும் மாகாணத்தில் மிகுதியாக அவதியுற்ற ஜில்லாக்களுள் இடம்பெற்றன. கோவையில் இன்றும் 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயரில் கோயில்கள் இருப்பது அக்காலத்தின் எச்சம். ஈரோட்டில் பிளேக் பரவியபோது, அஞ்சி ஒதுங்கியோர் விட்டுச்சென்ற பிணங்களை இளைஞராக இருந்த ஈ.வெ. ராமசாமி சுமந்து சென்றார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

படித்த அதிகாரிகளைவிடப் பாமர மக்கள் ஒரு செய்தியை முந்தி அறிந்திருந்தனர். கூரையிலிருந்து எலிகள் செத்து விழுந்தால் அவ்வீட்டில் சில நாள்களில் மனிதருக்கும் காய்ச்சல் கண்டு, அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும் என்பதே அது. எலி விழுந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே வயலிலும் மேட்டிலும் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு தங்குவதே அவர்கள் கண்ட தற்காப்பு. பின்னர் அரசாங்கமும் அதையே வற்புறுத்தியது.

முஸ்லிம்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் எழுந்தது. கொள்ளைநோய் ஓர் ஊரில் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே செல்லாதீர்கள். நீங்கள் இருக்கும் ஊரில் அது தோன்றினால் அதற்கு அஞ்சி வெளியேறாதீர்கள் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. தாஊனில் இறப்பவர் ஷஹீத் என்ற நற்செய்தியும் உண்டு. அவ்வாறிருக்க, வீட்டைவிட்டு வயலுக்குப் போவது தடுக்கப்பட்ட ஓட்டமா, இல்லையா? இது வெறும் ஏட்டு வாதமன்று. போனால் மார்க்கக் குற்றமோ என்ற அச்சம். இருந்தால் பிள்ளைகளின் உயிர் பற்றிய அச்சம். பரேலியின் அஹ்மத் ரிழா கான் ஹிஜ்ரி 1325இல் தாஊனுக்கு அஞ்சி ஓடுவதைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். அரசாங்கத்தின் கடுமையும் சிக்கலைப் பெருக்கியது. 1898 மார்ச் 9ஆம் நாள் பம்பாயில் நோயுற்ற ஒரு சிறுமியை அதிகாரிகள் கொண்டுசெல்ல முயன்றபோது முஸ்லிம் நெசவாளர்கள் திரண்டு எதிர்த்தனர், கலவரமாயிற்று. அன்றைய அறிக்கைகளில் அது மதவெறியாகப் பதிவாகியிருக்கிறது. அந்நிய ஆடவர் வீட்டுக்குள் புகுந்து பெண்ணைத் தொட்டுப் பார்ப்பதை எந்தச் சமூகம் பொறுத்துக்கொள்ளும் என்ற கேள்வியை அவற்றை எழுதியோர் எழுப்பிக்கொள்ளவில்லை.

இவ்விவாதத்தின் மூலம் ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) ஷாம் தேசத்தில் நிகழ்ந்த அம்வாஸ் கொள்ளைநோயில் இருக்கிறது. ஷாமை நோக்கிச் சென்ற உமர் (ரலி) ஸர்க் என்ற இடத்தில் செய்தி அறிந்து திரும்ப முடிவு செய்தார். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) வினவினார். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற பொருளில் உமர் விடையளித்து, பசுமையான சரிவும் வறண்ட சரிவும் கொண்ட பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவனை உவமையாகக் காட்டினார். கொள்ளைநோய் உள்ள ஊருக்குப் போகாதீர், இருக்கும் ஊரில் அது தோன்றினால் அதற்கு அஞ்சி வெளியேறாதீர் என்ற நபிமொழியை அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) எடுத்துரைத்தது அந்த இடத்தில்தான்.

நம் சொற்பொழிவுகள் பெரும்பாலும் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றன. அதன்பின் நடந்ததே நம் கேள்விக்கு நெருக்கமானது. படையினர் தாழ்வான நிலத்தில் தங்கியிருக்கிறார்கள், அவர்களை உயர்ந்த, தூய நிலத்துக்குக் கொண்டு செல்க என்று உமர் (ரலி) அபூ உபைதாவுக்குக் கடிதம் அனுப்பியதாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அபூ உபைதா நோயில் மறைந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபலும் (ரலி) மறைந்தார். அடுத்து வந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) மக்களை மலைகளுக்குக் கலைந்து போகச் செய்தார். ஒரு நபித்தோழர் கடுமையாக ஆட்சேபித்தும் அம்ர் பின்வாங்கவில்லை. நோய் தணிந்தது. உமர் (ரலி) இச்செயலை வெறுக்கவில்லை என்றும் பதிவாகியிருக்கிறது.

அறிஞர்கள் இதைச் சுற்றி நூற்றாண்டுக்கணக்கில் எழுதினர். ஸஹீஹ் புகாரிக்கு விரிவுரை வரைந்த இப்னு ஹஜர் அல்அஸ்கலானி தம் பெண்மக்கள் மூவரைத் தாஊனுக்குப் பறிகொடுத்தவர். 'பத்லுல் மாஊன்' என்ற அவரது நூல் இத்துறையில் தலையாயது. நோயின் காரணம் ஜின்களின் குத்து என்ற கருத்தை அவர் ஏற்றிருந்தார். ஆயினும் கண்டதை மறைக்கவில்லை. ஹிஜ்ரி 833இல் கெய்ரோ மக்கள் நோன்பிருந்து பாலைவெளியில் திரண்டு பிரார்த்தித்தனர். அதற்கு முன் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவாக இருந்த சாவு, அம்மாதம் முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டியது. இதையும் அவரே எழுதி வைத்தார். ஸ்பெயினின் கிரனாடாவில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுல் கதீப் ஆடை, பாத்திரம் வழியாகவும் நோய் தொற்றுவதை அனுபவம் நிறுவிவிட்டது என்றார். ஐயத்துக்கிடமற்ற காட்சிக்கு முரணாகத் தோன்றும் அறிவிப்புக்கு விளக்கம் காண வேண்டும் என்றும் துணிந்து எழுதினார்.

இவர்கள் அனைவரும் நோயை மனிதரிடையே தேடினர். எலியின் பக்கம் பார்த்தவர் இப்னு ஸீனா. கொள்ளைநோய்க்கு முன் எலிகளும் நிலத்தடியில் வாழும் பிராணிகளும் வெளியே வந்து மயங்கித் திரியும் என்று அவரது 'அல்கானூன்' கூறுகிறது. நம் கிராமத்தார் கண்டதும் அதுவே. எனினும் அவர் அதைக் கெட்ட காற்றின் அறிகுறியாகவே கொண்டார். காரணம் வெளிப்பட்டது 1898இல். கராச்சியில் ஆய்வு நடத்திய பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன், நோயுற்ற எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மற்றோர் எலிக்கு நோய் தாவுவதைக் காட்டினார். பலர் நகைத்தனர். 1905இல் தொடங்கிய பிளேக் ஆய்வுக் குழுவின் சோதனைகளே அவர் கூற்றை உறுதிப்படுத்தின. ஓட்டுக்கூரையிலும் தானியக் குதிரிலும் குடியிருக்கும் கருப்பு எலி இறந்து குளிர்ந்ததும், அதன்மேல் இருந்த தெள்ளு பசியோடு மனிதனை நாடுகிறது. சென்னை நகருக்குள் நோய் மீண்டும் மீண்டும் வந்தும் பெரிதாகப் பரவாமைக்குக்கூட, அங்கு மிகுதியாக இருந்த தெள்ளு வகை நோயைக் கடத்துவதில் திறனற்றது என்பதே காரணம் எனப் பின்னர் விளக்கினர். உள்நாட்டுச் சேலத்துக்கும் கோவைக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை.

இவ்வறிவோடு பழைய விவாதத்தைப் பார்த்தால் இரு தரப்பும் வெவ்வேறு செயல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது புலனாகிறது. துணிமூட்டையும் தானியச் சாக்கும் தூக்கிக்கொண்டு இரயிலேறி அடுத்த ஊருக்கு ஓடியவன் தெள்ளையும் உடன் கொண்டு சென்றான். நபிமொழி தடுத்தது அந்த ஓட்டத்தை. எலி விழுந்த வீட்டைப் பூட்டிவிட்டுத் தன் ஊர் எல்லைக்குள்ளேயே மேட்டில் குடிசை போட்டவன் நோயின் இருப்பிடத்தைத்தான் விட்டு விலகினான். ஊரை விட்டு ஓடவில்லை. அம்ர் (ரலி) செய்தது இதற்கு மிக நெருக்கமானது. வயலுக்குப் போவதையும் குற்றமெனக் கருதி வீட்டிலேயே இருந்து மாண்டவர்களை எண்ணும்போது, அம்வாஸ் செய்தியின் பிற்பகுதி அவர்களுக்குச் சொல்லப்படவில்லையே என்ற ஆற்றாமை எழுகிறது.

பிராணிகளைப் பற்றியே பேசும் நபிமொழி ஒன்றும் உண்டு. தொற்று என்பது இல்லை என்ற நபிமொழியைக் கேட்ட நாட்டுப்புற அரபி ஒருவர், மான்களைப்போல் திரிந்த ஒட்டகங்களிடையே சொறிபிடித்த ஒன்று வந்ததும் எல்லாவற்றுக்கும் சொறி வருகிறதே என்று கேட்டார். முதல் ஒட்டகத்துக்குத் தொற்றவைத்தது எது என்ற வினாவே விடையாகக் கிடைத்தது. அதேவேளை நோயுற்ற ஒட்டகங்களை உடையவர் அவற்றை நலமான ஒட்டகங்களிடம் கொண்டுவர வேண்டாம் என்ற கட்டளையும் அபூ ஹுரைரா (ரலி) வாயிலாகவே வந்துள்ளது. முன்னது காரணங்களுக்குத் தாமாக ஆற்றலில்லை என்ற நம்பிக்கை, பின்னது அந்தக் காரணங்களைப் பேணும் கடமை என்று அறிஞர் பலர் இணக்கம் கண்டனர். இக்கட்டளை நோயாளியை விளிக்கவில்லை. கால்நடையின் உடைமையாளரை விளிக்கிறது என்பதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை.

குமாரபாளையம் அடங்கிய மாவட்டம் இன்று முட்டைக்கும் கோழிப்பண்ணைக்கும் நாடறிந்தது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது நாமக்கல்லில் நோய் இல்லாமலே முட்டை வாணிபம் அடிவாங்கியது. 2014 நவம்பரில் கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளிடம் அந்நோய் தோன்றியதும், முட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய லாரிகளை எல்லைச் சோதனைச் சாவடிகளில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கிருமிநாசினி தெளித்தனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஜோலார்பேட்டையில் நிறுத்தப்பட்டது பயணி. இம்முறை நிறுத்தப்பட்டது வண்டி.