கிளிநொச்சியில் ஒரு கைலாகு: சந்தேகப்பட்டவர்கள் பிழை செய்தார்களா?

 

எங்கோ இரண்டு எதிரிகள் ஒரு மேசையில் இருந்து பேசப் போகிறார்கள் என்று செய்தி வந்தால், கோப்பாய்ச் சந்தியில் தேத்தண்ணி குடிப்பவர்கள் முதல் புத்தளத்தில் இருக்கும் நம் உறவுகள் வரை பலரும் சொல்வது ஒன்றுதான்: "இதெல்லாம் படம் எடுக்கத்தான்." இப்படிச் சொல்பவர்களை அவநம்பிக்கைக்காரர் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அந்தச் சந்தேகத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. நமக்கு நெருக்கமான ஒரு சந்திப்பை வைத்து அதைப் பார்ப்போம்.

2002 பெப்ரவரியில் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரல் 8 ஆம் திகதி ஏ9 பாதை யாழ்ப்பாணம் வரை திறந்தது. 10 ஆம் திகதி கிளிநொச்சியில் பிரபாகரன் பெரிய ஊடகச் சந்திப்பு ஒன்றை நடத்தினார். முஸ்லிம்களை வெளியேற்றியது பற்றி அங்கே கேள்வி எழுந்தபோது, மன்னிப்புக் கேட்கும் தொனியில் அன்டன் பாலசிங்கம் பதில் சொன்னார். மூன்று நாள் கழித்து, சித்திரைப் புத்தாண்டு வாசலில் நிற்கும்போது, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் கிளிநொச்சி சென்று பிரபாகரனைச் சந்தித்தார்.

எழுத்தில் ஓர் உடன்பாடும் வந்தது. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் திரும்பலாம். கிழக்கில் முஸ்லிம்களிடம் வரி, கப்பம் வாங்குவது நிற்கும். முஸ்லிம் விவசாயிகள் தங்கள் வயல்களுக்குப் போகலாம். பேச்சுவார்த்தையில் முஸ்லிம்களுக்கும் இடம் இருக்கும். பன்னிரண்டு வருடமாகக் கேட்டவைதான் இவை. ஆனாலும் நம் சனங்கள் பலர் துள்ளிக் குதிக்கவில்லை. ஏன்?

முதற்காரணம் ஞாபகம். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 பேர் அந்த மாதத்தில் துரத்தப்பட்டார்கள். அதற்கு முன்னர் ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கு மேல் கொல்லப்பட்டார்கள். இத்தனையும், 1988 இல் சென்னையில் கிட்டுவும் பதியுதீன் மஹ்மூதும் பேசி ஓர் இணக்கத்துக்கு வந்த பிறகு நடந்தவை. ஒருமுறை எழுதியதைக் கண்டவர்கள் மறுமுறை எழுதுவதை எப்படிப் பார்ப்பார்கள்?

இரண்டாவது, சமநிலை. ஒரு பக்கம் படை வைத்திருந்தவர், மறுபக்கம் வாக்கு வைத்திருந்தவர். சொன்னதை மீறினால் யாரிடம் போய் முறையிடுவது? அரசும் புலிகளும் செய்த போர்நிறுத்தத்தைப் பார்க்க நோர்வே தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழு இருந்தது. இந்தத் தாளுக்கு அப்படி ஒரு காவல் இல்லை.

மூன்றாவது, பிரதிநிதித்துவம். ஹக்கீம் கட்சித் தலைவர் மட்டுமல்ல, ரணில் விக்கிரமசிங்கவின் அரசாங்கத்தில் அமைச்சரும்கூட. மேசையில் அவர் யாருடைய குரல்? பன்னிரண்டு வருடம் முகாமில் கிடாய் ஓலைக்குக் கீழே இருந்தவர்களில் ஒருவரையாவது முன்னிறுத்திக் கேட்டார்களா?

பின்னர் நடந்தது தெரியும். ஜூன் மாதக் கடைசியில் மூதூரிலும் வாழைச்சேனையிலும் வன்முறை வெடித்தது. செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப்பில் பேச்சு தொடங்கியபோது ஹக்கீம் அரசாங்கக் குழுவின் உறுப்பினராகவே இருந்தார். முஸ்லிம்களுக்குத் தனித்தரப்பு கிடைக்கவில்லை. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சை இடைநிறுத்தினார்கள். நம்மில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணம் திரும்ப முயன்றது 2009 இல் போர் முடிந்த பிறகுதான். அது அந்தத் தாளின் பலத்தில் நடந்ததல்ல.

அப்படியானால் சந்தேகப்பட்டவர்கள்தான் சரியா? தாளைப் பற்றி அவர்கள் சொன்னது சரி. ஆனால் "போயே இருக்கக்கூடாது" என்றவர்களிடமும் வேறு வழி இருக்கவில்லை. முஸ்லிம்கள் திரும்பும் உரிமையைத் துரத்தியவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டது சிறிய விடயமல்ல. 2003 ஜனவரியில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களின் முயற்சியில் வந்த ஒலுவில் பிரகடனம், சந்தேகத்தை வெறும் புறுபுறுப்பாக விடாமல் "எங்களுக்குத் தனித்தரப்பு வேண்டும்" என்ற கோரிக்கையாக மாற்றியது. நாம் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

நமது மார்க்க வரலாற்றிலும் இது உண்டு. ஹிஜ்ரி 6 இல் ஹுதைபிய்யாவில் குறைஷிகளோடு உடன்படிக்கை எழுதியபோது ஸஹாபாக்களின் மனம் உடைந்தது. உம்ரா செய்யாமலே திரும்ப வேண்டும். "ரஸூலுல்லாஹ்" என்ற சொல்லைக்கூட ஸுஹைல் எழுத விடவில்லை. உமர் (ரழி) தன் கேள்வியை நபியவர்களிடமே (ஸல்) நேரில் கேட்டார். அவரை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. மனிதர்கள் செய்யும் எந்த ஒப்பந்தத்தையும் அதற்குச் சமமாக வைக்க முடியாது. ஆனாலும் பாடம் இருக்கிறது: எழுத்து இருந்தது, இருதரப்புச் சாட்சிகள் இருந்தார்கள், பத்து வருடம் என்ற காலவரை இருந்தது. குறைஷிகளின் கூட்டாளிகள் அதை மீறியபோது, மீறியது யார் என்பதில் குழப்பம் இருக்கவில்லை.

நமது தமிழ் அயலவர்களுக்கும் இந்த வலி புதிதல்ல. 1957 ஜூலையில் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது. 1965 இல் டட்லி சேனநாயக்கவோடு செய்ததும் நிறைவேறவில்லை. ஏமாந்தவர்களின் சந்தேகம் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது "நம்பு" என்றோ "நம்பாதே" என்றோ அல்ல. எந்தத் தலைவர் எந்த எதிரியைச் சந்திக்கப் போனாலும் நான்கு கேள்வி கேட்கப் பழக்குவோம். யாருக்காகப் பேசுகிறார்? எப்போதைக்குள் நடக்கும்? யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? மீறினால் என்ன?

இந்த நான்குக்கும் பதில் இருந்தால் கைலாகுக்கு மதிப்பு உண்டு. இல்லாவிட்டால் அது படத்தோடு முடியும்.

1990 இல் வெளியேறியவர்களும், அவர்கள் போவதைப் பார்த்துக் கண் கலங்கிய அயலவர்களும் இன்னும் நம் நடுவில் இருக்கிறார்கள். இரு வீட்டுப் பெரியவர்களிடமும் பிள்ளைகளை அனுப்பிக் கேட்க வையுங்கள். அல்லாஹ் நம் எல்லோருக்கும் உண்மை பேசும் தைரியத்தைத் தருவானாக. ஆமீன்.