பெர்சியஸின் திறந்த மூடி

1941 டிசம்பர் 6 இரவு, கிரேக்கத்தின் கெஃபலோனியா தீவருகே பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல் பெர்சியஸ் கடற்கண்ணியில் சிக்கி மூழ்கியது. இருந்தவர்கள் 61 பேர். தப்பியவர் ஜோன் கேப்ஸ் மட்டுமே. 50 மீற்றருக்கும் அதிக ஆழத்திலிருந்து, பின்பக்க அவசர வழியால் வெளியேறிக் கரைவரை நீந்தினார். ஏழைத் தீவுவாசிகள் உயிரைப் பணயம் வைத்து அவரை 18 மாதங்கள் ஒளித்து வைத்தார்கள். (அவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.)

ஊர் திரும்பிச் சொன்னபோது சிலர் நம்பவில்லை. அவர் பயணியாக ஏறியவர், பணியாளர் பட்டியலில் பெயரில்லை. அக்காலத்தில் அந்த மூடிகளை வெளியிலிருந்து பூட்டிவிடுவதும் வழக்கம். நாமாக இருந்தால் நம்பியிருப்போமா?

1985இல் கேப்ஸ் காலமானார். 1997இல் கிரேக்கச் சுழியோடி கோஸ்டாஸ் தொக்தாரிதிஸின் குழு பெர்சியஸைக் கண்டுபிடித்தது. பின்பக்க மூடி திறந்தே கிடந்தது.